மலை ரயிலில் கேத்திக்குப் போகலாமா?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: “வரும் நவம்பரில் நீலகிரியில் கேத்தி பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறோம். நான், மனைவி, எழுபதைத் தாண்டிய அம்மா, ஆறு வயது மகள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போக ஆசை. ஆனால் போய்வந்தவர்கள் ஆளுக்கொரு அவதி சொல்கிறார்கள். பேசாமல் கார் பிடித்துப் போய்விடலாமா?”

ரயிலிலேயே போங்கள். ஆனால் நவம்பரில் வேண்டாம், பொங்கல் கழித்துப் போங்கள். நீங்கள் கேள்விப்பட்ட அவதிகள் எல்லாம் உண்மைதான், யாரும் கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கேத்தி பள்ளத்தாக்கில் என் கல்லூரி நண்பன் வீடு இருக்கிறது. படுகர் குடும்பம். இருபது வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய்விடுவேன். கோவையிலிருந்து காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேரலாம். ஆனாலும் நான் பெரும்பாலும் ரயிலில்தான் போகிறேன். மழையில் நடுக்காட்டில் உட்கார்ந்திருக்கிறேன், டிக்கெட் கிடைக்காமல் பஸ் ஏறியிருக்கிறேன், குரங்கிடம் பையைப் பறிகொடுத்திருக்கிறேன். அடுத்த வருடமும் ரயிலில்தான் போவேன்.

முதலில் இந்த வண்டி எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் ஏன் தாமதமாகிறது, ஏன் நிற்கிறது என்பதெல்லாம் தானாகப் புரியும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை, அதில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளமாகப் போகும். கல்லாற்றில் தொடங்கிக் குன்னூர் வரைக்குமான சுமார் இருபது கிலோமீட்டர்தான் நிஜமான ஏற்றம். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓர் அடி மேலே போயிருக்கும். இந்த ஏற்றத்தில் வெறும் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் பிடிக்காது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒரு பட்டையின் பல்லும் அடுத்த பட்டையின் பல்லும் நேருக்கு நேராக இருக்காது, அரைப்பல் தள்ளி இருக்கும். ஒரு சக்கரம் பல்லை விட்டு விலகும் நேரத்தில் மற்றது கவ்வியிருக்க வேண்டும், அதற்காகத்தான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் எஞ்சினியர் கண்டுபிடித்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

கல்லாறு தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், சத்தம் மாறும். இந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். பல்பாதையில் நுழைந்ததும் அடுத்த ஜோடியும் சேர்ந்துகொள்ளும். அதுவரை சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த எஞ்சின் அங்கிருந்து மூட்டை தூக்கி மாடிப்படி ஏறும் ஆள் மாதிரி மூச்சு வாங்கும். பழைய எஞ்சின்கள் 1920களிலும் 1952லும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. பிற்பாடு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகவும் செய்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது, கடைசியில் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். இறங்கும்போது முன்னால் இருக்கும். அதாவது எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் எஞ்சின். கொக்கி கழன்றாலும் பெட்டிகள் உருண்டு ஓடிவிடாமல் தாங்கிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. இதனால் ஏறும்போது டிரைவருக்கு எதிரே இருக்கும் பாதை தெரியவே தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். பாதையைப் பார்ப்பவர் அவர்தான். பச்சைக் கொடியை வெளியே நீட்டிப் பிடிப்பார். அடுத்த பெட்டியின் பிரேக்ஸ்மேன் அதைப் பார்த்துத் தன் கொடியை நீட்டுவார், அப்புறம் அதற்கடுத்தவர், கடைசியில் டிரைவர். சிவப்பு என்றாலும் இப்படித்தான் கைமாறிப் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிரேக், அதற்குத் தனி ஆள்.

ஒரு தடவை எனக்கு முதல் பெட்டியில் முன் வரிசை கிடைத்தது. பிரேக்ஸ்மேனின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது வயதிருக்கும். இடது கையில் கொடி, வலது கை பிரேக் கைப்பிடியில். குன்னூர் வரும்வரை அந்த வலது கை ஒரு தடவைகூட அங்கிருந்து விலகவில்லை. மூக்கைச் சொறிவதென்றால்கூடக் கொடி பிடித்த கையால்தான். ஒரு வளைவில் பாதையோரம் கருப்பாக ஏதோ தெரிந்தது. எனக்கு அது என்னவென்று பிடிபடுவதற்குள் சிவப்புக் கொடி வெளியே போய்விட்டது, வண்டி நின்றுவிட்டது. மரத்திலிருந்து ஒடிந்து விழுந்த கிளை. இறங்கிப் போய் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வந்து, மறுபடி பச்சைக் கொடி. மொத்தம் மூன்று நிமிடம். இந்த மனிதர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் மகளுக்கு எஞ்சினை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள், இவர்களையும் காட்டுங்கள்.

இந்தப் பாதை ஒன்றும் சுலபமாக வந்துவிடவில்லை. 1854லேயே மலைக்கு ரயில் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. 1891ல்தான் வேலை தொடங்கியது. எடுத்த கம்பெனி சில வருடங்களில் திவாலானது. வேறு கம்பெனி வந்து, குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் வண்டி ஓட ஆரம்பித்தது. 2005ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. இத்தனை பேர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அவதிகளுக்கு வருகிறேன்.

முதல் எதிரி மழை. குன்னூர்ச் சரிவு கிழக்கைப் பார்த்தது, வடகிழக்குப் பருவமழையை நேராக மார்பில் வாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் ஊறி ஊறி எப்போது எங்கே சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பரில் பெய்த பேய்மழையில் நீலகிரி முழுக்க நிலச்சரிவு. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்து, சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது. அந்த அளவு மோசமான வருடம் அரிது. ஆனால் பாறை விழுந்தது, மரம் சாய்ந்தது, இரண்டு நாளுக்கு ரயில் ரத்து என்ற செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும்.

நானே ஒரு நவம்பரில் மாட்டியிருக்கிறேன். ஹில்குரோவ் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. மேலே ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து பாதைக்குக் குறுக்கே கிடந்தது, கூடவே இரண்டு லாரி மண். வண்டியை மெல்லப் பின்னால் இறக்கி ஹில்குரோவ் ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். கேங்மேன்கள் கடப்பாரை, ரம்பத்தோடு மழையிலேயே நடந்து போனார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். எங்கள் பெட்டியில் சேலத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் இருந்தது. புளிசாதமும் வடகமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த வீட்டுப் பாட்டி தேக்கிலையைக் கிழித்துக் கிழித்துப் பெட்டியில் இருந்த எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி வைத்தார். இலை எப்படி வந்தது என்று கேட்டேன். பொங்கல் வைத்தாலும் ஊருக்குப் போனாலும் பத்து இலை எடுத்து வைத்துக்கொள்வது பழக்கம் என்றார். ஒரு வட இந்தியப் பையன் சாப்பிட்டு முடித்துவிட்டு இலையை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வெளியே மேகம் ஸ்டேஷன் கூரைக்குக் கீழே இறங்கி வந்திருந்தது. எதிரே இருந்த மலையிலிருந்து அருவி கொட்டும் சத்தம் கேட்டது, அருவியைக் காணோம்.

எனக்கு அந்த நாள் பிடித்திருந்தது. அதற்காக உங்களை நவம்பரில் போகச் சொல்ல மாட்டேன். அன்று எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர் சர்க்கரை நோயாளி, மாத்திரை இருந்தது, ஆனால் மூன்று மணி நேரம் கழிப்பறைக்குப் போய்வரவே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்: பழைய மரப்பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் நிற்கும்போதுதான் போக முடியும். மேட்டுப்பாளையத்தில் ஏறுமுன் அம்மாவும் குழந்தையும் போய்விட்டு வரட்டும், ஹில்குரோவில் மறுபடி, குன்னூரில் மறுபடி. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு, அதற்காகத் தண்ணீரும் குடிக்காமல் வருவார்கள். தலைவலியும் மயக்கமும் பெரும்பாலும் அதனால்தான் வருகிறது, பழியை மட்டும் மலைமேல் போடுவார்கள்.

இரண்டாவது அவதி டிக்கெட். நாளுக்கு ஒரு வண்டிதான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிறது, காலை 7.10க்கு. சில பெட்டிகள், கொஞ்ச இருக்கைகள். கோடை விடுமுறையில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். காத்திருப்போர் பட்டியலில் பேர் இருக்கிறது, எப்படியும் உறுதியாகிவிடும் என்று நம்பி ஒரு மே மாதம் மேட்டுப்பாளையத்தில் போய் நின்றேன். ஆகவில்லை. முன்பதிவில்லாத இடங்களுக்கு ஆட்கள் விடிகாலையிலேயே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கண் முன்னால் வண்டி கிளம்பிப் போனது.

அன்று ஸ்டேஷன் வாசலில் டீ விற்றவர் ஒரு வழி சொன்னார், இன்றுவரை நான் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் குன்னூர் போங்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் பகலில் வேறு சில ரயில்களும் உண்டு. அவற்றில் கூட்டம் இருந்தாலும் இடம் கிடைத்துவிடும். குன்னூருக்கு மேலே பல்பாதை கிடையாது, நீராவி எஞ்சினும் கிடையாது, டீசல்தான். ஆனால் கேத்திக்குப் போகிற உங்களுக்கு, குன்னூரிலிருந்து கேத்தி வரைக்குமான அந்தக் கடைசிப் பத்து கிலோமீட்டர் மிக முக்கியமானது. பள்ளத்தாக்கு திறப்பது அங்கேதான். முழு டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் இதையாவது விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, குரங்குகள். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். எல்லாரும் இறங்கி டீயும் வடையும் வாங்குவார்கள். அங்கிருக்கும் குரங்குகளுக்கு அந்த நேரம் அத்துப்படி. என் மாமியார் ஒரு தடவை எங்களோடு வந்திருந்தார். மடியில் துணிப்பை. அதில் பிஸ்கட் பாக்கெட் ஒன்று, அடியில் ஒரு மாதத்து மாத்திரைகள். ஜன்னல் திறந்திருந்தது. சத்தமே இல்லாமல் ஒரு கை உள்ளே வந்தது, பை போய்விட்டது. குரங்கு ஸ்டேஷன் கூரையில் ஏறி உட்கார்ந்து நிதானமாகப் பிரித்தது. பிஸ்கட்டைத் தின்றது. மாத்திரை அட்டையை எடுத்து முகர்ந்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, நாக்கில் வைத்துத் துப்பியது. அப்புறம் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தது. கடைக்காரர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவும் திரும்பக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அம்மாவின் மாத்திரைகளைப் பையில் வைக்காதீர்கள். உங்கள் சட்டைப்பையில் ஒரு நாளுக்கானது, மீதி பெட்டியில் பூட்டி. குழந்தை கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காரக் கூடாது. குரங்குக்குப் போடவும் கூடாது. இவை இந்த அளவு துணிந்ததே நாம் போட்டுப் பழக்கியதால்தான்.

யானைகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லாற்றிலிருந்து, குன்னூருக்குக் கீழே இருக்கும் ரன்னிமேடு ஸ்டேஷன் வரை யானை நடமாடும் காடு. பாதையில் நின்றால் வண்டி காத்திருக்கும், அவை நகர்ந்த பிறகுதான் போகும். நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், தூரத்தில், மூங்கிலுக்குள் ஒரு சாம்பல் முதுகு. அப்போது வண்டியிலிருந்து இறங்கக் கூடாது, கத்தக் கூடாது. அவ்வளவுதான்.

எஞ்சினும் சில நாள் மக்கர் பண்ணும். நீராவி போதவில்லை என்றால் நின்று, சேர்த்துக்கொண்டு ஏறும். பல்பாதையில் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாத வண்டி இது. அன்றைக்கு ஊட்டியில் மதியம் இரண்டு மணிக்கு ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இதில் வருத்தப்பட்டவர்களை விசாரித்துப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சாயங்காலத்துக்குள் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டு வந்தவர்கள். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு வாரம் ஒரே ஊரில் தங்கப் போகிறீர்கள். இந்த ரயிலுக்கு ஏற்ற பயணிகள் நீங்கள்தான்.

காரோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத குழந்தைகள் பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிடும், பெரியவர்களுக்கும் தலை சுற்றும். ரயிலில் இது மிகக் குறைவு. திருப்பமும் மெல்ல வரும், ஏற்றமும் மெல்ல வரும், உடம்பு அதோடு சேர்ந்து ஏறிவிடும். காதடைப்பு லேசாக இருக்கும், குழந்தைக்கு ஒரு மிட்டாய் போதும். அப்புறம், காரில் வருபவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். ரயிலுக்கும் அரசுப் பேருந்துக்கும் அது வேண்டாம்.

இனி, இவ்வளவையும் தாங்கிக்கொண்டு போனால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்குக் கீழே வியர்க்கும். கல்லாறு தாண்டி முதல் சுரங்கம் முடிந்ததும் ஜன்னலில் கை வைத்துப் பாருங்கள், காற்று மாறியிருக்கும். ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை, எட்டினால் தொட்டுவிடலாம், அதன்மேல் பெரணி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாயம். பாலம் வரும்போது கீழே பார்த்தால் ஓடை மட்டும்தான் தெரியும், உங்களைத் தாங்கிக்கொண்டிருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ரன்னிமேட்டுக்கு மேலே தேயிலை தொடங்கும். ஸ்வெட்டரைத் தேடுவீர்கள். கீழே பாக்கும் வாழையும், நடுவில் மூங்கில் காடு, மேலே தேயிலை, அதற்கும் மேலே யூகலிப்டஸ் மரம் என்று ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் நிற்கிறது, எந்த உயரத்தில் விலகிக்கொள்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம். காரில் இது தெரியவே தெரியாது. ஒரு தூக்கம் போட்டு விழித்தால் தேயிலைக்கு நடுவே இருப்போம்.

குன்னூரில் எஞ்சின் மாறும். வண்டி கொஞ்சம் பின்னால் போய்த்தான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். திரும்பிப் போகிறோமோ என்று புதிதாக வருபவர்கள் பதறுவார்கள், நீங்கள் பதற வேண்டாம். வெலிங்டனும் அரவங்காடும் ராணுவ முகாமும் வெடிமருந்துத் தொழிற்சாலையுமாகக் கடந்து போகும். அரவங்காடு தாண்டியதும் மூட்டை முடிச்சுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேத்தியில் வண்டி அதிக நேரம் நிற்காது. அங்கே இறங்குபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான், இரண்டு தாவலில் இறங்கிவிடுவார்கள். உங்களுக்கு அம்மாவை இறக்க நேரம் வேண்டும். குன்னூரிலேயே கார்டிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இறங்கியதும் உடனே கிளம்பாதீர்கள். வண்டி வளைவில் மறையும்வரை பிளாட்பாரத்திலேயே நில்லுங்கள். சின்ன ஸ்டேஷன். வண்டியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து அடங்கியதும், அதற்குப் பின்னால் இருந்தவை ஒவ்வொன்றாகக் கேட்கும். எங்கோ நாய் குரைப்பது, தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்ப், யாரோ யாரையோ படுகு மொழியில் கூப்பிடுவது. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் படிப்படியாக வெட்டிய வயல்கள், கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், பூண்டு. நடுநடுவே வண்ணம் அடித்த வீடுகள் வரிசை வரிசையாக. அந்த வரிசைகள் ஒவ்வொன்றும் ஒரு ஹட்டி. ஹட்டி என்றால் படுகர் கிராமம். ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், எல்லா வாசலும் ஒரே முற்றத்தைப் பார்த்து.

நான் முதல் தடவை போனபோது நண்பனின் பாட்டி உயிரோடு இருந்தார். வெள்ளைத் துணி உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டி, முற்றத்து வெயிலில் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். படுகு மொழியில் பாட்டியை ஹெத்தெ என்பார்கள். அவர்கள் கும்பிடும் தெய்வம் ஹெத்தை அம்மனும் அப்படி ஒரு பாட்டிதான். நண்பன் என்னைத் தலையைக் குனியச் சொன்னான். ஹெத்தெ என் தலையில் கை வைத்து “பதுக்கு, பதுக்கு” என்றார். எனக்குத் திக்கென்றது. நம் காதுக்கு அது ஒளித்து வை என்றல்லவா கேட்கிறது? அப்புறம்தான் நண்பன் சொன்னான், வாழு, நல்லா வாழு என்று அர்த்தமாம். கன்னடத்திலும் பதுக்கு என்றால் வாழ்வுதான். அந்தக் கை மண் பட்டுப் பட்டு மரப்பட்டை மாதிரி இருந்தது. எதிலே வந்தாய் என்று கேட்டார். ரயிலில் என்றேன். அவருக்குச் சந்தோஷம். சின்ன வயதில் அவருடைய அப்பா உருளைக்கிழங்கு விற்கக் கீழே போய்விட்டு ரயிலில் திரும்பி வருவாராம். ஊதல் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் மேட்டில் ஓடிப்போய் நிற்பார்களாம். அது நீராவி எஞ்சினின் ஊதல், இந்த டீசல் கத்துவது மாதிரி இருக்காது என்றார்.

கேத்தியில் தங்கும்போது ஒரு நாள் கேத்தி பாலாடா வரைக்கும் நடந்து போய், கேரட் கழுவுவதைப் பாருங்கள். மண்ணோடு மூட்டை மூட்டையாக வரும் கேரட் சுழலும் இயந்திரத்துக்குள் போய், மறுபக்கம் ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று கொட்டும். உங்கள் மகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டாள். அந்த மூட்டைகளில் நிறைய மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் இறங்கும், நீங்கள் ரயில் ஏறிய அதே ஊருக்கு.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். ஜனவரியில் கேத்தியில் இரவு கடுங்குளிர், சில விடியல்களில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அம்மாவுக்குக் காலுறையும் காதை மூடும் குல்லாயும் கட்டாயம். குளிர் தாங்க மாட்டார் என்று தோன்றினால் பிப்ரவரி கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பகல் அருமையாக இருக்கும்.

திரும்பி வரும்போதும் ரயிலில் வர வேண்டும் என்று இல்லை. ஊட்டியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் வண்டி சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும். இறக்கத்தில் எஞ்சின் முன்னால் இருப்பதால் முதல் பெட்டியில் இருந்தாலும் பாதை தெரியாது, பிரேக்கின் சூட்டு வாசனை உள்ளே வரும். ஏறுவதில் இருக்கும் சுகம் அதில் பாதிதான் என்பது என் எண்ணம். டிக்கெட் ஒரு பக்கத்துக்குத்தான் கிடைக்கும் என்றால் ஏறுவதற்கு எடுங்கள். இறங்குவதற்குப் பஸ் போதும்.

முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. ஜனவரி 20ஆம் தேதி ஏறுவதாக இருந்தால் நவம்பர் 21 காலை ஏழே முக்காலுக்கே எல்லாருடைய பெயர், வயது விவரங்களையும் நிரப்பி வைத்துக்கொண்டு தயாராக உட்காருங்கள். வார நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சனி ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் வேண்டாம். முதல் வகுப்பு கிடைத்தால் அம்மாவுக்காக அதை எடுங்கள், கால் நீட்ட இடம் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் வகுப்பே போதும். ஜன்னலோர இடத்தை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மகளை அவர் மடியில் உட்கார வையுங்கள், ஹில்குரோவ் வரும்போது மட்டும் ஜன்னலை மூடிவிடுங்கள்.